காத்து எடுத்த சனிக்கிழமை

கேட்டீங்களா அந்தச் சத்தத்தை? புஸ்ஸுன்னு ஒண்ணு உட்டாப்டி பாருங்க டிரைவரு. அது காத்துங்க. பஸ்ஸு, லாரியெல்லாம் காத்துலதான் நிக்கும். நம்ம காரு அப்படியே தலைகீழுங்க. அது ஆயில்ல நிக்கறது. ஆயில் போற கொழாய்க்குள்ள இத்தனூண்டு காத்து பூந்துட்டாப் போதும், சோலி முடிஞ்சுது. ஆயிலை நசுக்க முடியாது, காத்தை நசுக்கலாம். நீங்க மிதிக்கற மிதி சக்கரத்துக்குப் போறதில்லை, உள்ள இருக்கற காத்தை நசுக்கிட்டு அங்கயே நின்னுக்கும்.

இல்லீங்க, நான் டிரைவரு இல்லை. மெக்கானிக்கு. பேரு வெள்ளிங்கிரி. பொள்ளாச்சியில, வால்பாறை ரோட்டு மேல ஷெட்டு வெச்சிருந்தேன். பதினோரு மாசமாப் பூட்டிக் கிடக்குது. நீங்க தாராபுரமுங்களா? நானும் அங்கதான். மச்சினன் ஊட்டுக்கு. என்ற சம்சாரம் அங்க இருக்கறா. அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசிட்டு வரோணும். அதுக்குத்தான் இந்தப் பயணம்.

கையைப் பாக்கறீங்களாக்கும். வெந்துபோனதுங்க, ரேடியேட்டர் தண்ணி. அதுவும் அந்தச் சனிக்கிழமைதான். ஒரே நாள்ல ஒரு மனுசனுக்கு எத்தனைதான் வரும்னு பாருங்க. ஊருல ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. நீங்க வெளியாளு. முழுசாக் கேட்டுட்டு நீங்க சொல்லுங்க நாயத்தை.

பிரேக்குல காத்து எடுக்கறது ரெண்டாளு வேலைங்க. ஒருத்தர் சீட்டுல உக்காந்து பெடலை மிதிக்கோணும். இன்னொருத்தர் கீழ படுத்து, சக்கரத்துக்குப் பின்னால இருக்கற நிப்பிளை, அந்தச் சின்னத் திருகைத் தொறக்கோணும். மேல இருக்கறவங்க நாலு மிதி மிதிச்சு அமுக்கிப் புடிச்சதும் கீழ தொறந்துவிட்டா, ஆயிலும் காத்துமா நொரை கட்டி வெளிய வரும். பெடலு தரைக்குப் போயிரும். நான் கீழ மூடற வரைக்கும் மேல காலை எடுக்கக் கூடாது. எடுத்தா, வெளிய போன காத்து அப்படியே திரும்ப உள்ள வந்துரும். நொரை நிக்கற வரைக்கும் இதையே பண்ணோணும். இப்படி நாலு சக்கரத்துக்கும். தூரத்துச் சக்கரத்துல ஆரம்பிச்சுக் கிட்டத்துச் சக்கரத்துல முடிக்கோணும். அதுக்குள்ள பானெட்டுக்குள்ள இருக்கற பிரேக்கு ஆயில் டப்பாவுல ஆயில் கொறையாமப் பாத்துக்கோணும். டப்பா காலியாச்சுன்னா அங்கிருந்து காத்தை இழுத்துக்கும், எல்லாம் மொதல்லருந்து.

மிதிக்கறதுக்கு நான் தனியா ஆளு வெச்சதே இல்லீங்க. பத்தொம்பது வருசமா நாகமணிதான். அவதான் என்ற சம்சாரம். கலியாணம் முடிஞ்சு மூணாவது மாசம், ஷெட்டுப் பையன் ஒரு நாளு வரலை. "சித்த வந்து மிதி புள்ள"ன்னேன். வந்து செருப்பைக் கழட்டி உட்டுட்டு வெறுங்காலோட ஏறி உக்காந்தா. அன்னைக்கிருந்து அப்படித்தான். செருப்புப் போட்டா ஒண்ணும் தெரியலைங்கறா. எனக்குச் சிரிப்பா வரும். மிதிக்கறதுல தெரியறதுக்கு என்ன இருக்குதுங்க? அமுக்குன்னா அமுக்கோணும், உடுன்னா உடோணும். ஆனா ஒண்ணு சொல்லோணும். பத்தொம்பது வருசத்துல நான் மூடறதுக்கு முன்னால ஒருக்காக்கூட அவ காலை எடுத்ததில்லை. கால் மரத்துப் போனாலும் எடுக்க மாட்டா. அது வேற விசயம்.

என்ன கெட்டபழக்கம்னா, வாயி. "இன்னும் மெத்துனு இருக்குதுங்க", "இப்பத்தானுங்க கல்லாச்சு"ன்னு மேலருந்து சொல்லிட்டே இருப்பா. நானுந்தான் கீழ நொரையைப் பாக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? தனியா இருக்கறப்பச் சொன்னாப் பரவால்ல. ஒரு நாளு ஜீப்பு ஒண்ணுக்கு எஞ்சின் ஆயில் மாத்திக் குடுக்கறேன். தோட்டத்துக்காரரு, பெரிய மனுசரு, சாவியைக் கையில வாங்கிட்டாரு. இவ வந்து, "அடியில போல்ட்டு முறுக்கலீங்க, சொட்டுது"ங்கறா. அத்தனை பேரு முன்னால. அவரு சிரிச்சுட்டே, "ஏப்பா வெள்ளிங்கிரி, இங்க மேஸ்திரி நீயா, உன்ற ஊட்டுக்காரியா?"ன்னாரு.

போல்ட்டு முறுக்காமத்தான் இருந்துச்சுங்க. இல்லைன்னு சொல்லலை. அதுக்காக ஆளு முன்னாலயா சொல்றது?

வண்டி போனதும் சொன்னேன். "இன்னிமேல் இந்த ஷெட்டுக்குள்ள உன்ற சத்தமே கேக்கக் கூடாது"ன்னேன். அவ்வளவுதான். கை நீட்டலீங்க. பத்தொம்பது வருசத்துல ஒரு தடவை, ரெண்டு தடவை நீட்டியிருப்பேன். அன்னைக்கு நீட்டலை. வாயில சொன்னதோட சரி.

அவளும் சரின்னுட்டா. ஊட்டுல எல்லாம் பேசுவா. சோறு போடட்டுங்களா, தண்ணி காயுது குளிச்சுட்டு வாங்க, எல்லாம் பேசுவா. ஷெட்டுக் கேட்டைத் தாண்டி உள்ள வந்தா ஊமை. வண்டிக்குக் காத்து எடுக்கற வேலை வந்தா நான் கீழருந்து ஸ்பேனருல சக்கரத்தைத் தட்டுவேன். ஒரு தட்டுன்னா மிதிச்சுப் புடி. ரெண்டு தட்டுன்னா உடு. மேலருந்து ஒரு பேச்சு கிடையாது. ஒரு மாசத்துக்கு மேல அப்படியே ஓடுச்சுங்க. நெம்ப நிம்மதியா இருந்துச்சு. இப்பச் சொல்றதுக்கென்ன.

அருள்தாஸ் சாருன்னு ஒருத்தரு. கவர்மெண்டு ஸ்கூலு வாத்தியாரு. வெள்ளைக் காரு வெச்சிருந்தாரு, பதினாறு வருசத்து வண்டி. அந்தச் சனிக்கிழமை காலையில ஒம்பது மணிக்குக் கொண்டாந்து உட்டாரு. வண்டி சூடாகுது வெள்ளிங்கிரின்னாரு. சாயங்காலத்துக்குள்ள வால்பாறை போயாகோணும். அவரு சம்சாரத்தோட அக்கா மகளுக்கு ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல புதுநன்மை குடுக்கறாங்களாம், புள்ளைங்களுக்கு மொத மொதல்ல அப்பம் குடுக்கற விசேசமாமா. மூணு மணிக்கு வண்டி வேணும்னுட்டுப் போயிட்டாரு.

சூடாகறதுக்கு மட்டுந்தாங்க அவரு வந்தது. அதை நெனப்புல வெச்சுக்கங்க. ரேடியேட்டருக்குத் தண்ணி போற ரப்பர் ஓஸு வெடிச்சு ஒழுகிட்டிருந்துச்சு. மாத்தினேன். வண்டியைத் தூக்கி நிறுத்தினதால, போகட்டும்னு நானாத்தான் சக்கரத்தையும் பாத்தேன். பின்னால இடது சக்கரத்துல ஆயில் கசிஞ்சிருந்துச்சு. மலைக்குப் போற வண்டி, கண்ணால பாத்துட்டு எப்படிங்க சும்மா உடறது? அந்தச் சக்கரத்துப் பிரேக்கு சிலிண்டரை மாத்தினேன். அதை மாத்தினா நாலு சக்கரத்துலயும் காத்து எடுத்தாகோணும். அவரு கேக்காம, நானா, நல்ல மனசோட பண்ணினது. அதை யாராச்சும் பேசறாங்களா? ஒருத்தரும் பேசறதில்லை.

ரேடியேட்டருலயும் காத்து நிக்குங்க. ஓஸைக் கழட்டி மாட்டினா உள்ள அங்கங்க காத்து அடைச்சுக்கும். மூடியைத் தொறந்து வெச்சு, தண்ணி ஊத்தி, ஹீட்டரை முழுசாப் போட்டு, எஞ்சினை ஓட உடோணும். கொப்புளம் கொப்புளமா வரும். வர வரத் தண்ணி எறங்கும், ஊத்தீட்டே இருக்கோணும். அதுக்கு முக்கா மணி. பிரேக்குல காத்து எடுக்க ஒரு மணி. மணியோ ஒண்ணே முக்கா. ரெண்டையும் ஒண்ணாப் போட்டேன். எஞ்சின் ஓடட்டும், ரேடியேட்டரு தன்னால காத்தை உடட்டும், நாம கீழ சக்கரத்தைப் பாப்போம்னு.

எஞ்சின் ஓடறப்போ பெடலு எப்பவுமே சித்த எறங்கும். அதனால பிரேக்கு வேலையை எஞ்சினை நிறுத்திட்டுத்தான் செய்வோம். ஆனா முடியாதுன்னு இல்லை. தெரிஞ்சவன் செய்யலாம். எனக்குத் தெரியாததுங்களா?

நாகமணியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன்னா, கையைக் காட்டினேன். வந்து வெறுங்காலோட உக்காந்தா. ஓடற எஞ்சினைப் பாத்தா, என்னையைப் பாத்தா. நான் கீழ படுத்துட்டேன். தட்டினேன், மிதிச்சா. மூணு சக்கரம் முடிஞ்சுது. நடுநடுல எந்திரிச்சு ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தீட்டு வந்தேன். நாலாவது, முன்னால வலது சக்கரம். தட்டினேன். ஒரு மிதி மிதிச்சுட்டு நிறுத்திட்டா. திரும்பத் தட்டினேன். மேலருந்து ஆரன் அடிக்கறா! ஒரு தடவை இல்லை, மூணு தடவை. ரோட்டுல போறவனெல்லாம் திரும்பிப் பாக்கறான்.

எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலை அத்தனை கோவம். எந்திரிச்சு வந்து, தூக்கி வெச்ச பானெட்டுக்குப் பக்கவாட்டுல நின்னுட்டு, "எதுக்குடி ஆரன்?"னு கத்தினேன். அவ தொறந்திருந்த கதவு வழியா என்னையவே பாத்துட்டு, விரலைக் கீழ காட்டறா. காலைக் காட்டறா. காலை அமுக்கி அமுக்கிக் காட்டறா. நான் ரேடியேட்டரு மேல கையை ஊணிட்டு, "மிதிடின்னா மிதி"ங்கறேன். அந்நேரம் பாத்து உள்ள அடைச்சிருந்த காத்து ஒரேயடியா வெளிய வந்து, கொதிக்கற தண்ணி முழங்கை வரைக்கும் கொட்டிருச்சு.

ஓடியாந்தா. கொடத்துத் தண்ணியை முழுசாக் கையில ஊத்தினா. களிம்பு எடுத்தாந்து போட்டா. வாயைத் தொறக்கலீங்க, அப்பவும். கண்ணுல தண்ணி மட்டும் வருது. எனக்கு அதுலயும் எரிச்சல்தான் வந்துச்சு. சாரும் அவரு சம்சாரமும் அந்நேரத்துக்குக் கேட்டுல வந்து நிக்கறாங்க. ரெண்டரைக்கே வந்துட்டாங்க.

முடிச்சுக் குடுத்துட்டேன். சாரு உக்காந்து பெடலை மிதிச்சுப் பாத்தாரு, கல்லு மாதிரி நின்னுச்சு. வண்டி சூடாகலை. ரெண்டு பேரும் ஏறிக் கிளம்பிட்டாங்க. நான் கையை ஊதிட்டு நிக்கறேன், கேட்டுக்கு வெளிய வண்டி நின்னுபோச்சு. என்னடான்னு பாத்தா, நாகமணி ரோட்டுல நிக்கறா. ஷெட்டுக்குள்ள சத்தம் கேக்கக் கூடாதுன்னுதானே சொல்லியிருந்தேன். ரோடு என்ற ஷெட்டு இல்லையாமா. வண்டியைக் கையைக் காட்டி நிறுத்திட்டா.

"சார், மலை ஏறாதீங்க. பெடலு மெத்துனு இருக்குதுங்க, உள்ள காத்து நிக்குது. மறுக்கா எடுத்துட்டு நாளைக்குப் போங்க"ங்கறா. ஒரு மாசத்துக்கப்பறம் வேலையைப் பத்தி அவ பேசினது அதுதாங்க.

நான் ஓடிப் போயிக் குறுக்க நின்னேன். சிரிச்சேன். "அதொண்ணுமில்லீங்க சார். எங்களுக்குள்ள ஒரு மாசமாப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் கோவத்தை உங்க வண்டி மேல காட்டறா"ன்னேன். சாரும் சிரிச்சுட்டாரு. "நம்ம வீட்லயும் வாரத்துக்கு நாலு நாள் இந்தக் கதைதான்"னாரு.

அந்தம்மா சிரிக்கலை. எமல்டான்னு பேரு. இடது பக்கம் உக்காந்திருந்தாங்க, மடியில ஒரு பரிசுப் பொட்டி. "அவங்க எதுக்குங்க பொய் சொல்லப் போறாங்க? காலைல மொத பஸ்ஸுக்குப் போயிக்கலாம். பூசை ஒம்பதரைக்குத்தானே"ன்னாங்க. சாரு, "வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும் எமல்டா"ன்னுட்டு, அவங்க சமாதானத்துக்கு நாலு மிதி மிதிச்சுக் காட்டினாரு. "பாரு, எப்படி நிக்குது."

நாகமணி சன்னல்ல கையை வெச்சுட்டு, "நாலு மிதிச்சா நிக்குங்க சார். மொத மிதிக்கு நிக்கோணும்"னா. சாரு கியர் போட்டுட்டாரு. அவ கையை எடுத்துட்டா. அந்தம்மா கழுத்தைத் திருப்பி, வண்டி வளைவு திரும்பற வரைக்கும் இவளையே பாத்துட்டுப் போனாங்க.

ஏறுறப்பப் பிரேக்குக்கு என்ன வேலைங்க? சிரமமில்லாமப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூசை, விருந்தெல்லாம் முடிச்சுட்டு எறங்கறாங்க. எறக்கத்துல ரெண்டாவது கியர்ல வரோணுமுங்க. சாரு மூணாவதுல, பிரேக்கை மிதிச்சுட்டே வந்திருக்கறாரு. அதை அவரே ஒத்துக்கிட்டாரு. நாப்பது வளைவு. மேலருந்து இருபத்தேழு வளைவு எறங்கிட்டாங்க. பதிமூணாவது வளைவுல மிதிச்சா பெடலு தரைக்குப் போயிருச்சு. இடது பக்கமாப் போயிச் செவுத்துல அடிச்சு, அதையும் ஒடைச்சுட்டு, கீழ் ரோட்டுல வந்து விழுந்துச்சு வண்டி. சாயங்காலம் நாலு மணி. சாருக்கு இடுப்பெலும்பு. அந்தம்மா அங்கயே முடிஞ்சுபோனாங்க.

போன் வந்தப்ப நான் கை வலியில படுத்திருந்தேன். நாகமணிதான் எடுத்தா. கேட்டுட்டு வெச்சுட்டா. எனக்கு விசயத்தைச் சொன்னா. அழுவான்னு பாத்தேன், அழலை. செவுத்தோரமா உக்காந்து காலை நீட்டி, வலது பாதத்தையே பாத்துட்டிருந்தா, இருட்டற வரைக்கும்.

சாரு ஆஸ்பத்திரியில போலீசுகிட்ட எழுதிக் குடுத்துட்டாரு. மெக்கானிக்கோட சம்சாரம் சொன்னாங்க, நான் கேக்கலை, மெக்கானிக்கு சிரிச்சாப்டின்னு. அவருந்தானுங்களே சிரிச்சாரு? ரெண்டு பேரும்தான் சிரிச்சோம். கேஸு மட்டும் என்ற மேல. எஸ்.ஐ. ஷெட்டுக்கு வந்தாரு, நாகமணியைக் கேக்கறதுக்கு. அவ என்ன பண்ணினான்னு கேளுங்க. எஸ்.ஐ.யைக் கூட்டிட்டுக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிட்டா. வெயில்ல நின்னுட்டுச் சொன்னா. நடந்ததை நடந்தபடி, ஒரு வார்த்தை கூட்டலை. கட்டின புருசன் உள்ள நிக்கறேன். என்னையைத் திரும்பிக்கூடப் பாக்கலை. இதுதாங்க எனக்குத் தாங்கலை. அந்தம்மா போனது விதி. ஆனா இவ பண்ணினது?

அடக்கத்துக்கு நான் போகலை. எந்த மூஞ்சியோட போறது? அவ போனா, ஒண்டியா. கல்லறையில எல்லாரும் போனப்பறமும் நின்னாளாம். ஊட்டுக்கு வந்து நாலு சீலையை எடுத்துப் பையில போட்டுட்டு, தாராபுரத்துக்குத் தம்பி ஊட்டுக்குப் போயிட்டா. சண்டை போடலை, ஏசலை. போறேன்னுகூடச் சொல்லலீங்க.

வர்ற மாசம் சாட்சி விசாரணை. வக்கீலு ஒரு வழி சொன்னாரு. பெடலு மிதிச்சவங்க அவசரத்துல காலை முன்னாலயே எடுத்துட்டாங்க, அதுல காத்து உள்ள போயிருச்சு, இவருக்குத் தெரிய வழியில்லை, அப்படீன்னு உங்க சம்சாரமே வந்து சொன்னா கேஸு நிக்காதுன்னாரு. பொம்பளைங்க, தெரியாமப் பண்ணினது, அவளை என்ன பண்ணிருவாங்க? என்னையை உள்ள போட்டா ஷெட்டு போச்சு, பொழப்பு போச்சு. அதை நெனச்சுப் பாக்கோணுமில்லீங்களா? மச்சினன் திருமூர்த்திகிட்டச் சொல்லி உட்டேன். ஒரு மாசம் பதிலே இல்லை. அப்பறம் போன் பண்ணினான்.

"அக்கா சம்மதிச்சிருச்சு மாமா. கோர்ட்டுல நீங்க சொல்லச் சொல்றதை அப்படியே சொல்றேங்குது. ஆனா நீங்க நேருல வரோணுமாம். வந்து அது மூஞ்சியைப் பாத்து, 'நாகமணி, நீதான் காலை முன்னாலயே எடுத்துட்டே'ன்னு ஒரு தடவை சொல்லோணுமாம். நீங்க சொல்லிட்டா நம்பிக்கிறேங்குது."

அவ்வளவுதாங்க. சின்ன விசயம். ஒரு நிமிசம்கூட ஆகாது.

என்ன அப்படிப் பாக்கறீங்க?

சரி, ஒண்ணைச் சொல்லாம உட்டுட்டேன். நீங்க யாரோ, நான் யாரோ, சொன்னா என்ன. வக்கீலுக்குக்கூட இதைச் சொல்லலை. அன்னைக்குக் கையில களிம்பு போட்டதும் பானெட்டுக்குள்ள பாத்தேன். பிரேக்கு டப்பாவுல ஆயில் இல்லை. சுத்தமா இல்லை. ரேடியேட்டரையே பாத்துட்டு அதைப் பாக்காம உட்டிருக்கறேன். நாலாவது சக்கரத்துல தட்டினப்பவே மேல காலியாயி, காத்தை இழுத்திருக்குது. அவளுக்கு உள்ள ஒண்ணும் தெரியறதுக்கு வழியில்லை, பானெட்டு மறைச்சிருச்சு. காலுக்குத் தெரிஞ்சிருக்குது. அதுக்குத்தான் ஆரன் அடிச்சிருக்கறா.

திரும்ப இடது பின்சக்கரத்துல ஆரம்பிக்கோணும். ஒரு மணி நேரம். கை எரியுது. சாரு கேட்டுல நின்னு வாட்ச்சைப் பாக்கறாரு. ஒரு புதுப் பாட்டிலைத் தொறந்து டப்பாவுல ஊத்தினேன். முக்காப் பாட்டிலு புடிச்சுது. மூடிட்டேன். எஞ்சினை நிறுத்திட்டு நாலு மிதி நானே மிதிச்சேன், நின்னுச்சு. சாவியைக் குடுத்துட்டேன். நாகமணி பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா, களிம்பு டப்பாவைக் கையில வெச்சுட்டு. நான் ஊத்தறதைப் பாத்தா. பாட்டிலுல மிச்சம் எவ்வளவு இருக்குதுன்னும் பாத்தா. அத்தனையும் தெரியுங்க அவளுக்கு.

அவ எஸ்.ஐ.கிட்ட அதை மட்டும் சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லலை. ஏன் சொல்லலைன்னு எனக்கு இந்த மண்டைக்கு எட்டலை. சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு இத்தனை பயம் இருந்திருக்காது. ஆமாங்க, பயமாத்தான் இருக்குது. செயிலுக்குப் பயமில்லை. அவ எதுத்தாப்புல உக்காந்து, என்ற மூஞ்சியைப் பாத்துட்டு, நான் சொல்றதைக் கேட்டு, "சரீங்க, நான்தான்"னு தலையை ஆட்டிருவா பாருங்க. அவ ஆட்டிருவா. அவளை எனக்குத் தெரியும்.

ஊட்டுல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். நாகமணி, நீதான், அது வரைக்கும் வருது. அதோட கண்ணாடியைத் திருப்பி வெச்சிடறேன். இன்னைக்கு நாலாவது தடவை வரேன். போன மூணு தடவையும் தாராபுரம் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு, சீட்டை உட்டு எந்திரிக்க முடியலை. அவ ஊடு ஸ்டாண்டுக்குப் பின்னாலதான், ரெண்டாவது சந்து. நடந்தா அஞ்சு நிமிசம்.

ஏனுங்க, ஒரு உதவி கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க படிச்சவரா, பேசத் தெரிஞ்சவராத் தெரியறீங்க. நீங்களும் அங்கதான் எறங்கறீங்க. என்ற கூட ஒரு எட்டு வந்து, அவகிட்ட நீங்க சொல்லிருங்க. "உங்க ஊட்டுக்காரரு சொல்லச் சொன்னாருங்க, நீங்கதான் காலை முன்னால எடுத்துட்டீங்களாம்"னு, அவ்வளவுதான். நான் பக்கத்துலயே நிக்கறேன். நான் வாயே தொறக்க மாட்டேன்.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? தாராபுரம் இன்னும் வரலீங்களே. இது ஏதோ காட்டு ஸ்டாப்பு, சோளக்காட்டைத் தவிர இங்க ஒண்ணும் கிடையாது. இல்லீங்க, நீங்க உள்ளகூட வர வேண்டாம், வாசல்லயே நின்னு சொன்னாப் போதும்.

சரீங்க. போயிட்டு வாங்க. வண்டி நின்னப்பறம் எறங்குங்க, படி ஒசரம்.

நான் உக்காந்திருக்கறேன். இதே வண்டி தாராபுரத்துல அரை மணி நின்னுட்டுத் திரும்பப் பொள்ளாச்சிதான் போகும்.